செகண்ட் ஷிப்ட் பிள்ளைகள்

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. வெயில் வாசற்படி ஏறி அடுப்படியை எட்டிப் பார்க்கிற நேரம் ஆகியும், பெரியநாயக்கன்பாளையத்து லைன் வீடுகளில் மூன்றாவது கதவுக்குள்ளே மூன்று பேர் வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் கௌதமன், நடுவில் ஏழு வயது நிதீஷ், இந்தப் பக்கம் ஆறாம் வகுப்புக்குப் போகப் போகிற பூஜிதா. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அவர்கள் தலைமாட்டில் நின்றாள் புவனா. பிள்ளைகள் இரண்டையும் எழுப்பியே ஆக வேண்டும். புருஷனை எழுப்பவே கூடாது. மூன்றும் ஒரே பாயில் கிடந்தால் மனுஷி என்னதான் செய்வாள்?

கௌதமனுக்கு மோட்டாருக்குத் தகடு வெட்டுகிற கம்பெனியில் வேலை. பவர் பிரஸ்ஸில் நிற்க வேண்டும். இரண்டு வருடமாக செகண்ட் ஷிப்ட். மத்தியானம் சோறு உண்ட கையோடு கிளம்பினால் வீட்டுக்கு வர நடுச்சாமம் ஆகிவிடும். பள்ளிக்கூடம் இருக்கிற நாட்களில், அவன் தூங்கும்போது பிள்ளைகள் கிளம்பிவிடும். அவை திரும்பி வரும்போது அவன் பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பான். ஒரே கூரைக்குள் குடியிருந்தும், வாரத்தில் ஆறு நாள் அப்பனும் பிள்ளைகளும் விழித்த கண்ணோடு முகம் பார்த்துக்கொள்வது கிடையாது. மிச்சமிருக்கிற ஞாயிற்றுக்கிழமையையும் கல்யாணமோ காதுகுத்தோ வந்து பிடுங்கிக்கொள்ளும்.

போன வருடம் இரண்டாம் வகுப்பு மிஸ், “உங்கப்பா என்ன செய்யறாரு?” என்று கேட்டதற்கு நிதீஷ் எழுந்து நின்று, “எங்கப்பா தூங்குவாருங்க மிஸ்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். வகுப்பே சிரித்ததாம். புவனாவும் அன்றைக்குச் சிரித்தாள். பிறகு கழுவுகிற கல்லில் பாத்திரம் தேய்க்கும்போது அழுதாள்.

அதனால்தான் கோடை விடுமுறை வந்ததும் அவள் கண்டுகொள்ளாமல் விட்டாள். பிள்ளைகள் தாங்களாகவே செகண்ட் ஷிப்டுக்கு மாறிக்கொண்டன. அப்பா வரும்வரை விழித்திருப்பது. வந்ததும் மேட்டுப்பாளையம் ரோட்டுத் தள்ளுவண்டியிலிருந்து அவன் வாங்கிவரும் காளான் மசாலாப் பொட்டலத்தைப் பிரிப்பது. மேலே தூவிய வெங்காயத்துக்குச் சண்டை போடுவது. அப்புறம் தாயம் உருட்டுவது. கம்பெனியில் நடந்த கூத்தையெல்லாம் கௌதமன் நடித்துக் காட்டுவான். சூப்பர்வைசர் நடக்கிற நடையை அவன் நடந்து காட்டினால் பூஜிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் உருளுவாள். பொய் சொல்வானேன், புவனாவும்தான் உருண்டாள். அந்த ஒரு மாதம் அந்த வீட்டில் நான்கு பேர் குடியிருந்தார்கள்.

ஆனால் ஜூன் மாதத்துக்கு இதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு வந்து நின்றது. இந்த வருடம் இரண்டு பிள்ளைகளுக்கும் புதுப் பள்ளிக்கூடம். பஸ் தெரு முக்குக்கே வந்துவிடும். ஆனால் ஏழேகாலுக்கு வரும். டிரைவர் ஒரு ஆரன் அடிப்பார், ஆள் இல்லை என்றால் போய்க்கொண்டே இருப்பார். நடுச்சாமத்தில் காளான் தின்றுவிட்டு உச்சி வெயிலில் எழுகிற ஜென்மங்களை அந்த ஆரனுக்கு எப்படித் தயார்செய்வது?

“பூஜிதா… எந்திரி அம்மணி. பொழுது கெளம்பி எந்நேரம் ஆச்சு” என்று அவள் மகளின் காதருகே குனிந்து, காற்று மட்டும் வருகிற குரலில் சொன்னாள்.

காற்றுக் குரலில் எழுப்பினால் எந்தப் பிள்ளை எழும்? ஆனால் அந்த வீட்டில் காலையில் யாருக்கும் அதற்கு மேல் குரல் கிடையாது. அதற்குக் காரணம் உண்டு. கௌதமனுக்குப் பக்கத்து பிரஸ்ஸில் நிற்கிற அரங்கசாமி, வீட்டில் விசேஷம் என்று இரண்டு நாள் சரியாகத் தூங்காமல் வேலைக்கு வந்து, ஒரு கண்ணசரலில் ஆள்காட்டி விரலின் நுனியைக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து புவனாவுக்கு வெசனம் பிடித்துக்கொண்டது. தன் புருஷனின் பத்து விரலும் தான் காக்கிற காலைத் தூக்கத்தில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

முடிவு கட்டினால் அரைகுறையாகச் செய்கிற பெண்ணா அவள்? காலையில் குக்கர் வைப்பதில்லை. விசில் வருமே என்று சோற்றைக் குண்டாவில் வடித்தாள். பால்காரர் மைதீன் பிச்சையிடம் சொல்லி மணியடிப்பதை நிறுத்தினாள். கதவுத் தாழ்ப்பாளுக்குத் துணி சுற்றினாள். சட்னிக்கான தேங்காயையும் மிளகாயையும் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, அடுத்த வீட்டு மெர்சியின் மிக்ஸியில் போய் அரைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் மாட்டிய தையல் பலகையைப் பார்த்து அவளிடம் துணி தைக்கக் கொடுக்கிறவர்கள் ஏராளம். ஆனால் மத்தியானம் வரை தையல் மிஷினுக்குப் போர்வை. பிள்ளைகளுக்கோ சைகையிலேயே பேசப் பழக்கியிருந்தாள். மூக்கைத் தொட்டால் உப்பு வேண்டும், தலையைத் தட்டினால் எண்ணெய் வைத்துவிடு. நாடகம் போட்டிருந்தால் பரிசு வாங்கியிருக்கலாம்.

அன்றைக்குச் சாயங்காலமே பிள்ளைகளைப் பழக்குகிற வேலையைத் தொடங்கினாள். இருட்டுவதற்குள் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் ஊற்றிப் போட்டு, செல்போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் வைத்தாள். “ஒம்போது மணிக்குப் படுத்துரோணும். அதுக்கு மேல ஒரு சத்தம் கேக்கக் கூடாது” என்றாள்.

மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றவளுக்கு ஏமாற்றம். “சரிங்கம்மா” என்று இரண்டும் போய்ப் படுத்துக்கொண்டன. நிதீஷ் போர்வையைத் தானே இழுத்துப் போர்த்திக்கொண்டான். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் ஊரிலிருக்கிற சீருடையெல்லாம் அவள் மிஷினுக்குத்தான் வரும். அவற்றோடு இரவு பத்து மணி வரை மாரடித்தவள், பாயில் சாய்ந்ததும் கட்டைபோல் தூங்கிப்போனாள். நம் பிள்ளைகள் எவ்வளவு தங்கம் என்று நினைத்துக்கொண்டேதான் தூங்கினாள்.

விடிந்ததும் தங்கம் இரண்டும் அசையவில்லை. ஒன்பதுக்குப் படுத்தது ஏழு மணி ஆகியும் ஏன் எழ மாட்டேன் என்கிறது? பாதத்தைத் தடவினாள், கூச்சம் காட்டினாள், ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். பூஜிதா கண்ணைத் திறக்காமலே கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும் அதே. சட்னி அரைக்கப் போன இடத்தில் மெர்சியிடம் புலம்பினாள். மெர்சி அங்கன்வாடியில் வேலை செய்கிறவள்; ஊர்ப் பிள்ளைகளைத் தூங்கவைப்பதும் எழுப்புவதுமே அவள் பிழைப்பு.

“உடம்புச் சூடா இருக்குமுங்க்கா. எண்ணெ தேச்சு ஊத்துங்க. ராத்திரி பால்ல ஒரு துளி ஜாதிக்கா ஒரசிக் குடுங்க” என்றாள் மெர்சி.

எண்ணெயும் தேய்த்தாயிற்று, ஜாதிக்காயும் உரசியாயிற்று. இரவில் பிள்ளைகள் அடங்குகிற வேகம் கூடியதே தவிர, காலையில் எழுகிற வேகம் கூடவில்லை. சத்து குறைச்சலோ, டாக்டரிடம் காட்டலாமோ என்று புவனாவுக்குப் பயமே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை உண்மை வெளிவந்தது.

மிஷின் மேல் முந்தின இரவு தைத்து முடித்த சீருடைகளை மடித்து வைத்திருந்தாள். சசிதர் என்கிற பையனின் வெள்ளைச் சட்டை மேலாக இருந்தது. பொத்தான் கட்டலாம் என்று எடுத்து விரித்தாள். நெஞ்சுப் பையிலிருந்து கீழே வரை, காவி நிறத்தில் எண்ணெய் வழிந்து காய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். காளான்.

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. இருட்டில் மிஷின் ஓரமாக உட்கார்ந்து மூன்று பேர் வட்டம் கட்டியிருக்கிறார்கள். ஜாதிக்காய்ப் பாலைக் குடித்துவிட்டுத் தூங்குவதுபோல் கிடந்து, அவள் அசந்ததும் எழுந்து, அப்பனோடு சேர்ந்து தின்று, பேசி, சிரித்து… அவளை மட்டும் விட்டுவிட்டு! கோபத்தில் எது முன்னால் நின்றது, சட்டை பாழானதா, தன்னைச் சேர்த்துக்கொள்ளாததா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

இந்தத் தடவை பாதத்தைத் தடவவில்லை. இரண்டு பேரையும் தோளைப் பிடித்து உட்காரவைத்து, இழுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் நிறுத்தினாள். சட்டையை விரித்துக் காட்டினாள்.

“என்னடி இது?” என்று காற்றுக் குரலில் கத்தினாள்.

பூஜிதாவின் தூக்கம் பறந்தது. “நானில்லீங்கம்மா… இவந்தான் தட்டக் கவுத்துப்போட்டான்” என்றாள், அதே காற்றுக் குரலில்.

“அக்காதான் வெங்காயத்தப் புடுங்குச்சு!” என்றான் நிதீஷ் காற்றில்.

“கம்முனு இரு! அடுத்தவங்க ஊட்டுத் துணி. திங்கக்கெழம அந்தப் பையன் எதப் போட்டுட்டுப் போவான்? நானென்ன கிறுக்கச்சியா? ஒரு வாரமா எண்ணெ தேச்சு, ஜாதிக்கா ஒரசி… நடிச்சே கொன்னிருக்கீங்களே, ரெண்டு பேரும்!”

பார்க்கிறவர்களுக்கு அது சினிமாவில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிற சண்டை மாதிரி இருந்திருக்கும். கை ஆடுகிறது, கண் உருளுகிறது, வாய் அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை. புவனா கையை ஓங்கினாள். அடிக்கவில்லை, அடித்தால் சத்தம் கேட்கும்.

நிதீஷின் உதடு பிதுங்கியது. அழுகையையும் அவன் காற்றிலேயே அழப் பழகியிருந்தான்.

“வெடியால அப்பா தூங்கறாரு, சத்தம் போடாதீங்கறீங்க. ராத்திரி அப்பா வந்தா, நீங்க தூங்குங்கறீங்க. திங்கக்கெழமையிலிருந்து நாங்க போயிருவோம். அப்பறம் எப்பத்தாம்மா அப்பாவப் பாக்கறது?”

புவனாவின் ஓங்கிய கை அப்படியே நின்றது. அவளுக்குத் தெரியாத சங்கதியா? ஒரு வாரமாக அதை நினைக்காமல் இருப்பதற்குத்தானே ஜாதிக்காயும் எண்ணெயுமாக ஓடிக்கொண்டிருந்தாள். கையைத் தாழ்த்தி, சட்டையை மடித்தாள், மறுபடி விரித்தாள்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. காற்றுக் குரல் இல்லை; நல்ல தெளிவான, முழுக் குரல்.

“பாத்தரம் தேக்கற சோப்பப் போட்டுக் கசக்கி, வெய்யில்ல போடு புவனா. மஞ்சத்தூள் கறை வெய்யிலுக்கு நிக்காது.”

மூவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பாயில் கௌதமன் மல்லாந்து படுத்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் தூக்கத்தின் சுவடே இல்லை.

“ஏனுங்க… முழிச்சுட்டீங்களா? பாருங்கடா, எழுப்பிப்போட்டீங்க!”

“இவங்க எங்க எழுப்புனாங்க? மைதீன் பிச்சை பால ஊத்திட்டுப் போனப்பவே முழிச்சாச்சு.”

“இன்னைக்கா?”

கௌதமன் எழுந்து உட்கார்ந்தான். தலையைச் சொறிந்தான். “தெனமுந்தான்” என்றான்.

புவனாவுக்குப் புரியவில்லை. “தெனமும்னா?”

“பள்ளிக்கூடம் இருக்கற நாள்ல தெனமும். நீ இவங்கள எழுப்ப ஆரம்பிச்சதுலேருந்து இந்த வாரமும் அப்படித்தான். நீ கொண்டயத் தட்டிக்கிட்டு எந்திரிக்கறது, குண்டாவுல அரிசியப் போடறது, மெர்சி ஊட்டுக்குப் போறது, இவன் மூக்கத் தொட்டு உப்புக் கேக்கறது… எல்லாம் எனக்குத் தெரியும். அரைக்கண்ணுல பாத்துட்டு மூடிக்கிட்டுக் கெடப்பேன்.”

தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். அந்த வீட்டில் இரவில் பிள்ளைகள் நடித்திருக்கின்றன, காலையில் அப்பன் நடித்திருக்கிறான். இரண்டு வருடம் தாழ்ப்பாளுக்குத் துணி சுற்றியவளுக்குத் தலை சுற்றியது.

“அப்பறம் இந்த ஊட்டுல நெசமாத் தூங்கறது நான் ஒருத்தி மட்டுந்தானா?” என்று கேட்டாள். கேட்டாள் என்பது தப்பு, கூவினாள். இரண்டு வருடத்துக் காலைக் குரல் எல்லாம் ஒட்டுக்காகச் சேர்ந்து வெளியே வந்தது. ஓட்டின் மேலிருந்த புறா பறந்தது.

அடுத்த நிமிடம் மெர்சி ஈரக் கையோடு ஓடிவந்தாள். “என்னாச்சுங்க்கா? ஆருக்கு என்னாச்சு? வெடியால உங்கூட்டுல சத்தம் கேக்குது!”

“ஒண்ணுமில்ல மெர்சி. இங்க எல்லாரும் நல்லா முழிச்சிருக்கோம். நீ போ” என்றாள் புவனா. மெர்சி நால்வரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, போக மனமில்லாமல் போனாள்.

“ஏனுங்க சொல்லல?” என்று புவனா அவன் எதிரில் உட்கார்ந்தாள். “ரெண்டு வருசமுங்க. எனக்கென்ன சட்னி அரைக்க நாலு ஊடு போகோணும்னு ஆசையா?”

“அதனாலதான் சொல்லல. ஒருத்தி நம்ம தூக்கத்துக்காகக் கிண்ணத்தத் தூக்கிக்கிட்டு அடுத்த ஊட்டுக்குப் போறா. அவகிட்டப் போயி, எனக்குத் தூக்கம் வரலைன்னு எப்புடிச் சொல்றது?” கௌதமன் கீழே பார்த்தான். “எனக்குச் சத்தம் தொந்தரவே இல்ல புவனா. பிரஸ்ஸுல அத்தன சத்தத்துல நிக்கறவன். சத்தமே இல்லாமப் போனாத்தான் முழிப்பு வந்துருது. என்ன நடக்குதுன்னு காது தேட ஆரம்பிச்சுருது. பசங்க போறவரைக்கும் அதையே கேட்டுக்கிட்டுக் கெடப்பேன். அவங்க போறப்ப வெய்யில் ஏறிப்போகும், தூக்கமும் போயிரும். லீவுல போன வாரம் வரைக்குந்தான் ரெண்டும் பக்கத்துல கெடந்துச்சுங்க, நல்லாத் தூங்குனேன்.”

பூஜிதா மெல்ல வந்து அவன் முதுகில் சாய்ந்துகொண்டாள். “அப்ப நாங்க தலையில முத்தம் குடுத்துட்டுப் போறதும் தெரியுமுங்களா?”

“தெரியும். நீ குடுக்கறப்பல்லாம் தேங்கா எண்ணெ மூஞ்சியில ஒட்டும். தொடைக்காமக் கெடப்பேன்.”

பூஜிதா வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தாள். புவனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, மூக்கைச் சிந்த வேண்டியதாயிற்று. கையில் இருந்தது சசிதரின் சட்டை என்பது நல்ல வேளையாகக் கடைசி நொடியில் ஞாபகம் வந்தது.

ஆனால் அவளுடைய வெசனம் அவ்வளவு சுலபத்தில் இறங்குகிற ஆள் இல்லை. “அரங்கசாமி வெரலு?” என்று மட்டும் கேட்டாள்.

கௌதமன் தன் பத்து விரலையும் விரித்துப் பார்த்தான். “போன வாரமே சூப்பர்வைசருகிட்ட ஃபர்ஸ்ட் ஷிப்ட் கேட்டுட்டேன். தீபாவளிக்கு மேல பாக்கலாம்னுட்டாரு. அதுவரைக்கும் ஒண்ணு செய்யலாம். நீங்க எந்திரிக்கறப்பவே நானும் எந்திரிச்சுக்கறேன். ஒட்டுக்கா உக்காந்து திம்போம், பேசுவோம். முக்கு வரைக்கும் நானே கூட்டிட்டுப் போயி பஸ் ஏத்தி உட்டுட்டு வந்து படுத்தா, மத்தியானம் வரைக்கும் என்னை ஆரு கேப்பா?”

“தூக்கம் வருமுங்களா?”

“வந்தாத் தூங்கறேன். வரலைன்னா நீயே பழையபடி துணி சுத்திக்க. ஆனா எனக்காக இவங்க இனி ராத்திரி முழிக்கக் கூடாது. காளான் ஞாயித்துக்கெழம பொழுதோடதான். அதுவும் நாலு பேருக்கும்.”

நிதீஷ் அவ்வளவு லேசில் நம்பிவிடுகிறவன் இல்லை. அனுபவம் பேசியது. “நாங்க தூங்கிப்போட்டு, வெடியால நீங்க எந்திரிக்கலைன்னா?”

“தண்ணிய ஊத்து” என்றான் கௌதமன். பிள்ளைகளிடம் இப்படிப்பட்ட வாக்கைக் கொடுக்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு இரவு பிள்ளைகள் இரண்டு பேரும் நிஜமாகத் தூங்கினார்கள். நிஜத் தூக்கம் எப்படி இருக்கும் என்று புவனாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நிதீஷின் வாய் திறந்திருந்தது. பூஜிதாவின் கால் தம்பியின் வயிற்றின் மேல் கிடந்தது. ஒரு வாரமாகப் பார்த்ததெல்லாம் சுவாமி படத்தில் இருப்பதுபோல் கைகட்டிப் படுத்த படுக்கை! அதைத் தூக்கம் என்று நம்பிய தன்னை நினைத்து அவளே தலையில் அடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை விடியற்காலை, மயில் அகவுகிற நேரத்துக்கே, யாரும் எழுப்பாமல் நிதீஷ் எழுந்தான். நேராகப் போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டான். அப்பா எழுகிறாரா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தோன்றவே இல்லை. கௌதமன் “ஐயோ!” என்று துள்ளி எழுந்த சத்தத்தில் லைன் வீடு முழுவதும் எழுந்தது. பாய் நனைந்து, தலையணை நனைந்து, அப்பன் மகனைத் துரத்த, மகன் அக்காளின் பின்னால் ஒளிய, அக்காள் அம்மாவின் பின்னால் ஒளிய, குக்கர் தன் பங்குக்கு விசில் அடித்தது. மைதீன் பிச்சை பாலை ஊற்றிவிட்டு, “இன்னைக்கு மணியடிக்கலாமுங்களா அம்மணி?” என்று கேட்டு, புவனா தலையாட்டியதும், ஆசை தீர நாலு அடி அடித்துவிட்டுப் போனார்.

குருடிமலைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வீச, அப்பனும் பிள்ளைகளுமாக மூவரும் முக்கு வரைக்கும் நடந்துபோய் பேக்கரியில் தேங்காய்ப் பன் தின்றுவிட்டு வந்தார்கள். வந்ததும் புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட உட்கார்ந்தார்கள். தகடு வெட்டுகிற கையல்லவா, காக்கித் தாளைக் கௌதமன் மடித்த மடிப்பு கத்தியாக நின்றது. அதைப் பார்த்துப் பூஜிதா, “எங்கப்பா போட்டதுன்னு சொல்லிக்குவேன்” என்றாள். அவன் அடுத்த புத்தகத்தின் அட்டையை இன்னும் கவனமாக மடித்தான். சசிதரின் சட்டை கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் கறை இருந்த இடம் தெரியவில்லை.

திங்கட்கிழமை வந்தது. புது யூனிஃபார்ம், புது ஷூ, பழைய தண்ணீர் பாட்டில். பூஜிதாவுக்குப் புதுப் பள்ளிக்கூடம் என்கிற பயத்தில் இட்லி இறங்கவில்லை. கௌதமன் தட்டோடு அவள் எதிரில் உட்கார்ந்து, சூப்பர்வைசர் முதல்நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனால் எப்படிப் போவார் என்று நடந்து காட்டினான். அவள் சிரித்த சிரிப்பில் இரண்டு இட்லி உள்ளே போயிற்று. பஸ் வருவதற்குள்ளேயே மூவரும் முக்குக்குப் போய் நின்றார்கள். புவனா வாசலிலிருந்து பார்த்தாள். பையன் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு காலால் குதித்துக்கொண்டிருந்தான். ஆரன் அடித்தது. இரண்டு தலைகள் ஜன்னலுக்கு வந்தன. நிதீஷ் பக்கத்து சீட்டுப் பையனிடம் கையை நீட்டிக் காட்டி, “அதா நிக்கறாருல்ல, எங்கப்பா! பிரஸ்ஸு ஓட்டுவாரு!” என்று கத்தியது வீடு வரைக்கும் கேட்டது.

கௌதமன் திரும்பி வந்து பாயில் விழுந்தான். புவனாவுக்கு இனிமேல்தான் பயம். தூக்கம் வராவிட்டால்? மத்தியானம் அரைத்தூக்கத்தில் போய் பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றால்? பிள்ளைகளுக்காக இவர் விரலைப் பணயம் வைக்கிறோமோ என்று அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். முதல் தடவை பார்த்தபோது அவன் கண்ணை மூடிக் கிடந்தான். நடிக்கிறானோ என்று சந்தேகம் வந்தது. இந்தக் குடும்பத்தில் யாரை நம்புவது? இரண்டாவது தடவை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. குறட்டை வந்தது. சாதாரணக் குறட்டை இல்லை, ஏற்றத்தில் லாரி ஏறுகிற குறட்டை. இரண்டு வருடமாகப் பள்ளிக்கூட நாள் காலையில் அந்தக் குறட்டையைக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சத்தம் இல்லாததை எல்லாம் தூக்கம் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வேலைக்குக் கிளம்புகிற நேரம் நெருங்கியது. அவன் எழவில்லை. சோறு ஆறியது. அப்போதும் எழவில்லை. பள்ளிக்கூட நாளில் அவனை எழுப்ப வேண்டிய வேலை அவளுக்கு வந்ததே இல்லை. எப்படி எழுப்புவது என்றுகூட மறந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். இன்னொரு தடவை உலுக்கினாள்.

“பசங்க… பஸ் ஏறிட்டாங்களா?” என்று கண்ணைத் திறக்காமலே முனகினான் கௌதமன்.

“ஏறி, எறங்கி, பாடம் படிச்சு, மத்தியானச் சோறே உண்டிருப்பாங்க. எந்திரிங்க சாமி, ஷிப்டுக்கு நேரமாச்சு!”

அவன் மெல்லக் கண்ணைத் திறந்தான். பாயின் கோடு கன்னத்தில் பதிந்திருந்தது. முகம் உப்பி, தலை கலைந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தான். நிறையத் தூங்கி எழுந்த முகம். புவனா அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமானதையும் மறந்து கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.